ஊறுகாய் ஜாடி மேல் ஒரு கோலார் கல்

தங்கம் விலை ஏறும்போதெல்லாம் காசிமேட்டிலிருந்து பெரியம்மா போன் பண்ணுவார். நல்லாகீறியா, புள்ளைங்க நல்லாகீதா எல்லாம் இரண்டு வரிதான். மூன்றாவது வரியில் கல் வந்துவிடும்.

“டேய், அந்தக் கல்லு இன்னும் உங்கம்மா கிட்டதான கீது?”

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கைமுட்டி அளவு. பால் வெள்ளை, நடுநடுவே புகை படிந்தது போல சாம்பல் கோடுகள். ஒரு பக்கம் மட்டும் கரும்பச்சையாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளையும் பச்சையும் சேரும் இடத்தில், வெயிலில் திருப்பினால் ஊசிமுனை அளவு நாலைந்து மினுக்கல். எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் ஆயாவின் எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடி மூடி மேல் பாரத்துக்கு உட்கார்ந்திருந்தது. 2009-இல் ஆயா போன பிறகு அம்மாவும் பெரியம்மாவும் அண்டா, குத்துவிளக்கு, ஒரு ஜோடி கம்மல் எல்லாவற்றையும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். ஜாடி அம்மாவுக்கு வந்தது. ஜாடியோடு கல்லும் வந்தது. அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சவரன் விலை ஏற ஏறத்தான் பேச்சு வந்தது.

காரணம், தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 1948 முதல் 1973 வரை. ஊர் குடியாத்தம் பக்கம். அந்தக் காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கோலாருக்குப் போனார்கள், அதில் ஒருவர். வேலையை விட்டு மெட்ராஸுக்கு வந்து சேர்ந்தபோது கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்தக் கல்லும். தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. “கோலார்லேர்ந்து தங்கக்கல்லு தூக்கினு வந்துகீறாரு பெரியவரு.” தாத்தா இதற்கு ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பீடியை இழுத்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் பெரியம்மாவின் சந்தேகம் ஐம்பது வருடமாக உயிர்வாழ்கிறது.

எனக்குக் கல் சாமானியமான விஷயம் அல்ல. கொஞ்சகாலம் கல்லை எடை போட்டுத்தான் சோறு தின்றேன். அதனால் இந்தப் பஞ்சாயத்தை நானே தீர்த்துவிடுவது என்று போன மாதம் முடிவு செய்தேன்.

தங்கக் கல் என்றால் தங்கம் மினுங்கும் கல் என்று நாம் நினைக்கிறோம். சினிமாக்காரர்கள் அப்படிக் காட்டிக் கெடுத்துவிட்டார்கள். தாத்தா 25 வருடம் பூமிக்கடியில் இருந்தவர், கண்ணால் தங்கத்தைப் பார்த்தது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான் என்பார். “நாங்க வெள்ளைக்கல்லத்தான் ஒடச்சோம். தங்கம் மேல மில்லுலதான் கீது” என்பது அவர் வாக்கு. அவர்கள் ‘ரீஃப்’ என்று சொன்னது அந்த வெள்ளைக்கல் ஓடும் பட்டையைத்தான், அதாவது குவார்ட்ஸ். கோலாரின் பெயர்பெற்ற சாம்பியன் பட்டை பெரும்பாலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு முன்னே பின்னேதான். ஆனால் நீளவாக்கில் எட்டு கிலோமீட்டர், ஆழத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் அதைத் துரத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். சுவரில் ஒட்டிய பேப்பரை நிற்க வைத்தது போன்ற ஒரு வடிவம். அந்தப் பேப்பருக்குள்ளேயும் தங்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடையாது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் மூடியது வரை எடுத்தது 800 டன்னுக்கு மேல் தங்கம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு கனம். 800 டன்னையும் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால் மூன்றரை மீட்டர் நீள அகல உயரம்தான் வரும். அதாவது பதினொன்றரை அடிக்குப் பதினொன்றரை அடி. ஆயா, தாத்தா, அம்மா, பெரியம்மா, இரண்டு மாமா என ஆறு பேர் படுத்த எங்கள் வண்ணாரப்பேட்டை ஒற்றை அறையும் ஏறக்குறைய அதே அளவுதான். மூன்று தலைமுறை ஆட்கள் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறையில் வேர்வை கொட்டி, அந்த ஓர் அறையை நிரப்பியிருக்கிறார்கள்.

முக்கியமான எண் 800 டன் அல்ல. டன்னுக்கு எத்தனை கிராம் என்பதுதான். தொடக்க வருடங்களில் கோலாரில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. உலகத்திலேயே பணக்காரக் கல் வரிசையில் வைக்கக்கூடியது அது. கடைசிக் காலத்தில் மூன்று நான்கு கிராமுக்கு இறங்கிவிட்டது. இன்னொரு பக்கம், பூமியில் தங்கம் சுத்தமாக இல்லாத இடம் என்று எதுவுமே கிடையாது. உங்கள் வீட்டு அஸ்திவாரக் கருங்கல்லிலும் இருக்கிறது, டன்னுக்கு ஒன்றிலிருந்து நான்கு மில்லிகிராம். பத்து டன் ஜல்லி லாரி ஒன்று உங்களைத் தாண்டிப் போனால் அதில் அதிகபட்சம் 40 மில்லிகிராம் தங்கமும் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் லாரியை மறிக்க மாட்டார்கள். அதே தங்கம் ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு ஒரே இடத்தில் கூடி நின்றால்தான் அதற்குத் தாது என்று பெயர். ‘தாது’ கல்லின் பெயர் என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கணக்கு ஒத்து வந்தால்தான் ஒரு கல் தாது. தங்கம் விலை ஏறினால் நேற்றைய வெறுங்கல் இன்றைக்குத் தாது ஆகிவிடும். கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இதை எனக்குப் புரியவைத்தது தங்கம் அல்ல, இரும்பு. 2005-இல் ராயபுரத்தில் ஒரு சரக்குப் பரிசோதனைக் கம்பெனியில் சாம்பிள் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பெல்லாரி–ஹோஸ்பேட் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் இரும்புத்தாது கப்பலேறும் முன்னால், அதில் இரும்பு எத்தனை சதவீதம், ஈரம் எத்தனை என்று சொல்ல வேண்டும். அரை சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் லட்சக்கணக்கில் துட்டு மாறும். வேலை முடிந்து வந்தால் பனியன் காவி நிறம், காது மடலுக்குள் காவி, மூக்கைச் சிந்தினால் காவி. சாமியாராகாமலே காவி கட்டிக்கொண்டவன் நான். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இரும்புத்தாதும் நிலக்கரியும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போனதும் என் வேலையும் கூடவே போனது. அது வேறு கதை.

சேர்ந்த முதல் வாரம் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். குவியலின் அடிவாரத்தில் குனிந்து, கைக்கு எட்டிய இடத்தில் மண்வெட்டியால் அள்ளிப் பையில் போட்டு லேபிள் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். ரிசல்ட் மற்றவர்களுடையதைவிட ஏகத்துக்கு எகிறி வந்தது. சீனியர் என்னை அதே குவியலுக்கு இழுத்துப் போய் நிற்கவைத்தார். “மேலேர்ந்து கொட்டறாங்க. பெரிய கட்டி இன்னா செய்யும்? உருண்டுனு வந்து கீழ நிக்கும். தூள் மேலயே தங்கிடும். நீ கட்டிய மட்டும் வாரினு வந்துகீற. இது சாம்பிளா, இல்ல உன் ஆசையா?” அந்தக் கேள்வியை இன்றைக்கும் மறக்கவில்லை. அப்புறம்தான் முறை கற்றுக்கொடுத்தார். பல இடத்திலிருந்து எடு, ஒன்றாகக் கொட்டிக் கூம்பாகக் குவி, தட்டித் தோசை மாதிரி பரப்பு, குறுக்கே கோடு போட்டு நாலாகப் பிரி, எதிரெதிர் இரண்டைத் தள்ளு, மிச்சத்தை மறுபடி குவி. ஒரு கப்பல் சரக்கு கடைசியில் ஒரு கவரில் அடங்கும் வரை இதையே செய்ய வேண்டும்.

இரும்பில் இவ்வளவு பாடு. ஆனால் இரும்புக்கு இயற்கை அதிகம் சிரமப்படவில்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். பூமியின் மேலோட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஏற்கெனவே இரும்புதான். அறுபது சதவீதத் தாது ஆக வேண்டுமென்றால் பன்னிரண்டு மடங்கு கூடினால் போதும். சுமார் 250 கோடி வருடங்களுக்கும் முன்னால் கடல் நீரில் கரைந்து கிடந்த இரும்பு, ஆக்சிஜன் பட்டுத் துருவாகி அடியில் வண்டல் வண்டலாகப் படிந்தது. பின்னால் மழைத் தண்ணீர் அந்தப் படிவத்திலிருந்த சிலிக்காவை, அதாவது குவார்ட்ஸின் சரக்கை, கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போக, பெல்லாரிப் பக்கத்துச் செந்நிற மலைகள் மிச்சமாயின. செம்பென்றால் நூறு மடங்கு போல கூட வேண்டும். தங்கத்துக்கு ஆயிரம் மடங்குக்குக் கீழே பேச்சே இல்லை. அந்தக் கூட்டும் வேலையை யார் செய்தது?

தண்ணீர்தான். வெந்நீர்.

கோலார்ப் பாறைப் பட்டை வடக்கு தெற்காக 80 கிலோமீட்டர் நீளம், அகலம் மூன்று நான்கு கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் யாரோ பேனாவால் ஒரு கோடு இழுத்தது போல இருக்கும். 270 கோடி வருடங்களுக்கு முன்னால் அது கடலடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு. பிறகு நிலத்துண்டுகள் மோதிக்கொண்டதில் அந்தக் குழம்புப் பாறை மடிந்து, நசுங்கி, ஆழத்தில் போய் வெந்தது. பாறை வெந்தால் தண்ணீர் விடும். ஆச்சரியப்படாதீர்கள், கத்தரிக்காய் வதக்கினால் விடுகிற மாதிரிதான். கனிமங்களுக்குள்ளே கட்டுண்டிருந்த தண்ணீர் நானூறு ஐந்நூறு டிகிரி சூட்டில் கழன்று வெளியே வருகிறது. கூடவே கொஞ்சம் கரியமில வாயு, கொஞ்சம் கந்தகம். அந்தக் கந்தகம்தான் இதில் முக்கியமான ஆள். தங்கம் சாதாரணத் தண்ணீரில் கரையாது. கந்தகம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் கரைந்து போகும். பல கன கிலோமீட்டர் பாறையில் டன்னுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமாகச் சிதறிக்கிடந்ததையெல்லாம் அந்த வெந்நீர் வழித்தெடுத்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கிறது. மேலே பாறை மூடி.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி சேர்கிறது, சேர்கிறது, வெயிட் எழும்பி ஒரு விசில். அழுத்தம் சட்டென்று இறங்கும். வெயிட் மறுபடி உட்காரும். மறுபடி சேரும். பூமியில் அந்த வெயிட்டின் வேலையைச் செய்வது பாறைப் பிளவு. அடியில் நீரழுத்தம் தாங்க முடியாமல் ஏறினால் பிளவு நழுவும், நிலம் அதிரும், விரிசல் திறக்கும், வெந்நீர் பாயும். பாய்ந்த மாத்திரத்தில் அழுத்தம் விழுந்துவிடுவதால் கரைந்திருந்த சிலிக்காவைத் தண்ணீரால் பிடித்துவைக்க முடியாது. வெள்ளைக் குவார்ட்ஸாக உறைந்து விரிசலையே அடைத்துவிடும். கூட வந்த தங்கத்திலும் கொஞ்சம் அங்கேயே இறங்கிவிடும். மூடி மறுபடி போட்டாயிற்று. இப்படி ஆயிரக்கணக்கான விசில். கல்லில் தெரியும் அந்தச் சாம்பல் கோடுகள் பலவும் அப்படி ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து மூடிய தடங்கள். ஐந்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் நடந்தது. மேலே இருந்த மலையெல்லாம் கோடிக்கணக்கான வருடங்களில் தேய்ந்து போனதால்தான் அந்தக் குக்கரின் உட்புறம் இன்று நமக்கு எட்டியது.

தங்கம் இறங்குவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அது எனக்கு இன்னும் பிடிக்கும். விரிசலுக்கு இருபுறமும் நிற்கும் கரும்பச்சைப் பாறையில் இரும்பு அதிகம். இரும்புக்குக் கந்தகத்தின் மேல் ஒரு கண். வெந்நீர் பக்கத்தில் வந்ததும் இரும்பு கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பைரைட் ஆகிவிடும். கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் பாதி வழியில் வேறு சம்பந்தம் பண்ணிக்கொண்டு போய்விட்டால் தங்கம் எங்கே போகும்? நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால்தான் வெள்ளையும் பச்சையும் சேரும் ஓரத்தில் பைரைட் பொட்டுகளும், அவற்றோடு ஒட்டியோ உள்ளேயோ கண்ணுக்குத் தெரியாத தங்கமும் கிடைக்கும்.

ஒரு சின்ன இடைச்செருகல். 2024-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்சாரம் பிறக்கும். காஸ் லைட்டரை ‘டிக்’ என்று அமுக்கினால் பொறி வருகிறதே, அந்தக் குணம்தான். பூகம்பம் குவார்ட்ஸை உலுக்கும்போது பிறக்கும் மின்சாரம், கரைந்த தங்கத்தை ஒரே இடத்தில் படியவைத்துக் கட்டியாக வளர்க்கலாம் என்று ஆய்வகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். குக்கருக்குப் பக்கத்திலேயே லைட்டரும். இயற்கை எங்கள் அடுப்படியைப் பார்த்துத்தான் தொழில் கற்றதோ என்னவோ.

பைரைட் பற்றிச் சொன்னேன் இல்லையா. அதில் எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது கொருக்குப்பேட்டை ரயில் தண்டவாளத்து ஜல்லியில் மஞ்சளாக மினுங்கும் ஒரு கல் கிடைத்தது. தாத்தாவின் பேரன் ஆயிற்றே, விடுவேனா? பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நேராகத் தெருமுனைப் பத்தர் கடைக்கு ஓடினேன். அவர் நகைக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார். ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே கையை நீட்டினார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைச் சிரித்துத் துரத்திவிடாமல் முழுப் பரிசோதனை நடத்தினார், அது அவருடைய பெரிய மனசு. குறட்டால் மினுக்கலை மட்டும் பெயர்த்து, உரைகல்லில் தேய்த்தார். கோடு கறுப்பாக விழுந்தது. “பாரு, பொன்னுன்னா கோடும் பொன்னாத்தான் விழும்.” அப்புறம் பட்டறைக்கல் மேல் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. தூள். “பொன்னுன்னா தட்டினா அகலும். அடிச்சா அடிக்குப் பயந்து வளைஞ்சி குடுக்கும். இது வீம்பு புடிச்சது, ஒடையுது.” கடைசியாக அந்தத் தூளைக் கரியில் வைத்து ஊதினார். பட்டாசு வெடித்த மறுநாள் தெருவில் அடிக்கும் வாடை. கந்தகம். மூன்று சோதனையிலும் தோற்றுப்போன கல்லின் மிச்சத்தை என் கையில் வைத்து மூடிவிட்டார். வீட்டில் சொன்னபோது தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. “அது கீற எடத்துல தங்கமும் இருக்கும்டா சில சமயம். அத்த ஏசாத” என்றார். இரும்பு, கந்தகம் சமாச்சாரமெல்லாம் அவருக்குத் தெரியாது. கண் பழக்கம்.

தாத்தாவிடம் கேட்ட கதைகளில் இன்னொன்று. சாம்பியன் ரீஃபில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே சயின்ஸ்காரர்கள் சிலர் இரும்புப் பெட்டிகளை இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். “தங்கம் எடுக்க வந்த எடத்துல காத்த எடுக்கறானுங்க” என்று இவர்கள் கேலி பேசுவார்களாம். 1965-இல் வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தை உலகிலேயே முதன்முதலில் பார்த்த இடங்களில் அது ஒன்று என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. சொல்வதற்குத் தாத்தா இல்லை.

சரி, வெந்நீர் ஒரு முறை கூட்டியது. மழைத் தண்ணீர் இன்னொரு முறை கூட்டும். இதற்கு ஆயாதான் உதாரணம். ரேஷன் அரிசியை அவர் அரிப்பதைப் பார்க்க வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அரிசியை மிதக்கவிட்டு, ஒரு சுழற்று, அலை எழும்போது அரிசி மட்டும் அடுத்த பாத்திரத்துக்கு வழியும். கல் பின்தங்கி அடியிலேயே உட்கார்ந்திருக்கும். கடைசியில் அடியில் நிற்கும் நாலு கல்லை விரலால் வழித்து முற்றத்தில் வீசுவார். ஆற்றில் தங்கம் அரிப்பவரும் இதையேதான் செய்கிறார், எதை வீசுவது எதை வைத்துக்கொள்வது என்பது மட்டும் தலைகீழ். மலையில் தங்கப் பட்டை உடைந்து ஆற்றில் விழுகிறது. ஆற்று மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம், தங்கம் 19.3. தண்ணீர் வேகம் குறையும் வளைவுகளில், பாறை இடுக்குகளில் தங்கம் பின்தங்கி உட்கார்ந்துகொள்ளும். 1886-இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் கண்டுபிடித்ததும், பெரும்பாலானோர் ஒத்துக்கொள்கிறபடி, இப்படி ஒரு பழைய ஆற்றுப் படுகைதான். 280 கோடி வருடங்களுக்கும் முந்திய கூழாங்கல் படிவம். இதுவரை உலகம் தோண்டிய தங்கத்தில் பெரிய பங்கு அந்த ஓர் இடத்திலிருந்து வந்திருக்கிறது.

அந்த அரிப்பைப் பார்க்க ஆப்பிரிக்கா போக வேண்டாம், திருவொற்றியூர் கடற்கரை போதும். அலை ஏறி இறங்கும் இடத்தில் மணலுக்குமேல் கறுப்பாக ஒரு பட்டை படிந்திருக்கும். எண்ணெய்க் கசடு என்று பலர் நினைப்பார்கள், சில இடத்தில் அதுவும் உண்டுதான். ஆனால் கையில் அள்ளிப் பார்த்தால் மணலைவிடக் கனமாக இருக்கும். சின்ன வயதில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அதில் உருட்டுவோம். முள்ளம்பன்றி மாதிரி கறுப்பு முடி முளைக்கும். அது மேக்னடைட். காந்தத்துக்குச் சரியாக மசியாத கறுப்பு, இல்மனைட். நடுவில் சிவப்பு சிவப்பாகக் கார்னெட். ஒவ்வோர் அலையும் லேசான மணலைத் திரும்ப இழுத்துக்கொண்டு, கனமானதை விட்டுவிட்டுப் போகிறது. ஆயாவின் அதே சுழற்று.

மனிதர்களும் விடவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குத் தங்கசாலைத் தெருவுக்கோ சவுகார்பேட்டைச் சந்துகளுக்கோ போய்ப் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் காசு அடித்த சாலை இருந்ததால் தங்கசாலை. இன்றைக்குக் காசு அடிப்பதில்லை, ஆனால் சுற்றுவட்டாரத்தில் வங்காளிப் பட்டறைகள், மராட்டியர்களின் தங்கம் உருக்கும் கடைகள். கடை திறக்கும் முன்னால் சிலர் சின்னத் துடைப்பமும் தகரத் தட்டுமாக வந்து, படிக்கட்டு ஓரம், கல் இடுக்கு, சாக்கடை வாய் என்று ஒரு சிட்டிகை விடாமல் பெருக்கிச் சேர்ப்பார்கள். நகை வேலை செய்பவன் அராவும்போது பறக்கும் துகள், செருப்பில் ஒட்டி வெளியே வந்தது, கை கழுவிய தண்ணீரில் போனது. ஒரு முறை ஒரு அம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சாக்கடை மண்ணைத் தட்டில் போட்டு, தண்ணீர் விட்டு, மணிக்கட்டை மட்டும் ஆட்டினார். முதலில் குப்பை மிதந்து போயிற்று. பிறகு மணல். கடைசியில் தட்டின் ஓரத்தில் புருவம் வரைந்தது போலக் கறுப்பாக ஒரு கோடு. “இதுலயா தங்கம்?” என்றேன். “இதுலதாம்பா. பாதரசத்த வுட்டாதான் வெளிய வரும்” என்றார். பாதரசம் தங்கத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அதைச் சுட்டுப் பாதரசத்தை விரட்ட வேண்டும். அந்தப் புகை விஷம் என்று சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு அடுத்த தட்டுக்கு மண் அள்ளினார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில்புத்தி. ஒரு கிலோ மண்ணில் பத்து மில்லிகிராம் தங்கம் தேறினால் அது டன்னுக்குப் பத்து கிராம். கோலார் மூடும்போது இருந்த கல்லைவிட இரண்டு மூன்று மடங்கு பணக்காரத் தாது. பதினைந்து கிலோமீட்டர் ஆழமும் வேண்டாம், 270 கோடி வருடமும் வேண்டாம். ஒரு தெருவும் நாலு பட்டறையும் போதும்.

இனி கல்லுக்கு வருகிறேன். போன மாதம் அம்மாவிடம் சொல்லி ஜாடி மேலிருந்து எடுத்தேன். தேய்த்துக் கழுவியும் ஊறுகாய் வாடை போகவில்லை. சமையலறைத் தராசில் 430 கிராம். நூல் கட்டி, அளவு போட்ட குவளையில் முக்கினால் தண்ணீர் 155 மில்லி ஏறியது. வகுத்தால் 2.77. வெறும் குவார்ட்ஸ் என்றால் 2.65 வர வேண்டும். கரும்பச்சைத் தோல் மூன்றை ஒட்டி வரும். இரண்டும் கலந்தால் 2.77 சரிதான். தங்கம் சேர்ந்ததால் கனம் கூடியதோ என்று ஒரு நப்பாசை எனக்கும் வந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் உள்ளே ஒரு முழு கிராம் தங்கமே இருந்தாலும் அதன் இடம் ஒரு மிளகு அளவுதான். எடையில் ஒரு கிராம்கூட முழுதாக வித்தியாசம் காட்டாது. வீட்டுத் தராசு கண்டுபிடிக்காது.

ஆகவே வேறு பக்கமிருந்து வந்தேன். கோலாரின் பொற்காலக் கல் என்றே வைத்துக்கொள்வோம், டன்னுக்கு 40 கிராம். 430 கிராம் கல்லில் அது எவ்வளவு? 17 மில்லிகிராம். குண்டுமணித் தங்கம்கூட இல்லாத வீடு என்று நம்மவர்கள் சொல்வார்களே, அந்தக் குண்டுமணி எடை 120 மில்லிகிராம் போல வரும். அதில் ஏழில் ஒரு பங்கு. தாத்தா வேலை பார்த்த காலத்தில் கல் அவ்வளவு பணக்காரக் கல்லும் இல்லை. தவிர, ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் சோதனை உண்டு. கைமுட்டி அளவு கல்லை ஒளித்து எடுத்து வர முடியாது. எனக்குத் தெரிந்து இது வெளியே கொட்டிக்கிடந்த கழிவுக் கல். ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். தங்கம் சீராகப் பரவியிருக்காது, பத்துக் கல்லில் ஒன்றுமில்லாமல் பதினோராவதில் மொத்தமும் இருக்கலாம். ஒரு கல் சாம்பிள் ஆகாது, அது ஆசைதான் என்று ராயபுரத்துச் சீனியர் சொல்லியிருக்கிறார். பொடித்து, ஈயத்தோடு உருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரியும்போது கல் இருக்காது. அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை.

கல்லை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போனேன். பெரியம்மா வாசலில் வவ்வால் மீன் அலசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், குக்கர், விசில், டன், கிராம், குண்டுமணி. மீனை விட்டுவிட்டுக் கேட்டார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு கல்லை வாங்கி, உள்ளங்கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார், பத்தர் மாதிரி.

“பதினேழு மில்லியா?”

“அதுவும் நல்ல கல்லா இருந்தாதான் பெரிம்மா. ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம்.”

“அப்ப எதுக்குடா உங்க தாத்தா அவ்ளோ தூரத்துலேர்ந்து இத்த தூக்கினு வந்தாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியம்மா எழுந்து உள்ளே போனார். அவர் வீட்டிலும் ஒரு ஊறுகாய் ஜாடி இருக்கிறது, மாங்காய். மூடி மேல் இருந்த இட்லி மாவு டப்பாவை இறக்கிவைத்துவிட்டு, கல்லை வைத்து, ஆடுகிறதா என்று ஒரு முறை அசைத்துப் பார்த்தார்.

“இது இங்கியே இருக்கட்டும். உங்கம்மாவுக்கு வேணும்னா வந்து எட்டரை மில்லிய வாங்கினு போகச் சொல்லு.”